ஓரம் வெட்டிய தாள்

ஐந்து நாள் நடைக்கான சாமான் ஒன்றுகூட அக்காவின் தராசுக்குத் தப்பவில்லை. அக்கா மருந்துக் கடை வைத்திருப்பவள். கடையில் பொடி நிறுக்கும் சின்னத் தராசைச் சமையலறை மேஜைக்குக் கொண்டுவந்து, சோப்பைப் பாதியாக வெட்டி நிறுத்தாள், பல் தேய்க்கும் பிரஷின் காம்பை அறுத்து நிறுத்தாள். கடல் ஏறி இறங்கும் நேரம் அச்சிட்ட தாளைக்கூட விட்டுவைக்கவில்லை. நாலு பக்கமும் ஓரத்தை நறுக்கிவிட்டு, நேரக் கட்டங்களை மட்டும் வைத்துக்கொண்டாள். ஒரு தாள் என்ன கனம் கனத்துவிடப் போகிறது என்று தங்கை கேட்டாள். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் உன் வீடு குப்பைமேடாய்க் கிடக்கிறது என்று பதில் வந்தது.

தங்கை பஸ் ஓட்டுநர். ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு நெரிசலில் அனாயாசமாக வண்டியை வளைப்பவள், அக்காவுக்கு முன்னால் மட்டும் பெட்டிப்பாம்பு. ஏழு வயது மூத்தவள் என்ற உரிமையில் அக்கா அவளை இன்னமும் ‘சின்னது’ என்றுதான் கூப்பிடுவாள். சின்னதுக்கு நாற்பத்தொன்று முடிந்துவிட்டது.

நடைக்குக் காரணம் அப்பா. மறதி முற்றிப்போய்த் தங்கை வீட்டில் இருக்கிறார். பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அக்கா இடம் பிடித்து, படிவத்தையும் நிரப்பி வைத்துவிட்டாள். இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். வீட்டில் பேசினால் சண்டையில் முடிகிறது, மனுஷ நடமாட்டமே இல்லாத கடற்கரையில் நடந்துகொண்டே பேசுவோம், ஐந்தாம் நாள் ஒரு முடிவோடு திரும்புவோம் என்பது அவள் ஏற்பாடு. தங்கைக்கு அப்பாவை அனுப்ப மனசே இல்லை. ஷிப்ட் முடிந்து அவர் இல்லாத வீட்டுக்குத் திரும்புவதை நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

முதல் நாள் பேச்சே நடக்கவில்லை. கரை என்று பேர்தானே ஒழிய, கண்ணுக்கெட்டியவரை சேறு. வலப்பக்கம் நாணல், இடப்பக்கம் சாம்பல் நிறத் தண்ணீர். ஒவ்வொரு அடிக்கும் பூட்ஸைப் பிடுங்கி எடுக்க வேண்டியிருந்தது. இந்தச் சேற்றைப் பார்க்கவா தராசு தூக்கினாய் என்று தங்கை கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. சிறிய ஓடைகள் மூன்று குறுக்கிட்டன. கணுக்கால் தண்ணீர்தான், தாளைப் பார்க்க வேண்டிய தேவையே வரவில்லை.

இரண்டாம் நாள் அக்கா பேச்சைத் தொடங்கினாள். நீ விடியற்காலை வண்டி எடுக்கப் போய்விட்டால் அவரோடு யார் இருப்பது என்று கேட்டாள். மாடி வீட்டு அம்மா வந்து இருப்பார் என்று தங்கை சொன்னாள். பச்சைப் பொய். மாடி வீட்டு அம்மா காலி செய்துகொண்டு போய் நாலு மாதமாகிறது. ஒரு நாள் அப்பா அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்துவிட்டார். அன்றிலிருந்து தங்கை அவர் அறைக் கதவில் வெளிப்பக்கமாக ஒரு தாழ்ப்பாள் போட்டு, பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். இந்த ஐந்து நாளும் அப்பாவுக்குத் துணையாக அத்தான், அதாவது அக்காவின் கணவர், வந்து தங்கியிருந்தார். அவர் வருவதற்கு முதல் நாள் தாழ்ப்பாளைக் கழற்றி, திருகாணித் துளைகளில் பற்பசை அடைத்துத் தேய்த்துவிட்டாள். வெள்ளைக் கதவு, தெரியவில்லை.

மூன்றாம் நாள் நாலாவது ஓடை வந்தது. இது ஓடையா, ஆறா என்று சொல்ல முடியாத அகலம். நடுவில் தண்ணீர் ஒரு கோடாய் ஓடியது, இரு பக்கமும் பளபளவென்று சேறு. மணி பதினொன்று இருபது. அக்கா தாளை எடுத்துப் பார்த்தாள். பதினோரு மணிக்கு அடிமட்டத்துக்கு வடிகிறது, இன்னும் அரைமணி நேரம் தண்ணீர் அசையாது, தாராளமாகக் கடக்கலாம் என்று தீர்ப்புச் சொன்னாள்.

தங்கை தண்ணீரைப் பார்த்தாள். அதில் மிதந்த நுரை கடலை விட்டு உள்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. எதிரே வரும் வண்டி எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று நாளெல்லாம் பார்க்கிற கண்ணுக்கு இது தப்பாது.

“தண்ணி உள்ள வர்ற மாதிரி இருக்குக்கா.”

அக்கா தாளை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். அச்சில் இருப்பதற்கு மேல் என்ன பேச்சு? தங்கை பின்னால் நடந்தாள்.

நடுக்கோட்டைத் தாண்டுவதற்குள் அக்காவின் வலது கால் முட்டிவரை போயிற்று. அதை இழுக்க ஊன்றிய இடது கால் தொடைவரை போயிற்று. தண்ணீர் அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. தங்கை முதுகுப் பையை இறக்கி, விரித்துப் படுக்கிற ஃபோம் பாயைச் சேற்றில் போட்டு, அதன்மேல் குப்புறப் படுத்து, அக்காவின் பை வாரைக் கத்தியால் அறுத்துவிட்டாள். பை தேவைக்குமேல் லேசாக இருந்ததால் சந்தோஷமாக மிதந்து போனது. காலை ஆட்டு, ஆட்டிக்கொண்டே சாய், என் தோளைப் பிடி என்று தங்கை அதட்டினாள். வாழ்நாளில் முதல்தடவை, தங்கை சொன்னபடி அக்கா செய்தாள். இடது கால் பூட்ஸ் இல்லாமல் வெளியே வந்தபோது தண்ணீர் இருவருக்கும் நெஞ்சளவு இருந்தது. எதிர்க்கரைக்கு அவளை இழுத்துப் போட்டுவிட்டு, தங்கை நாணலுக்குள் வாந்தி எடுத்தாள்.

மாலை வெளிச்சம் இருக்கும்போதே நடைக்காரர்களுக்கென்று கட்டியிருந்த மரக் குடிலுக்கு வந்து சேர்ந்தார்கள். இரண்டு பலகைக் கட்டில், ஓர் அடுப்பு. சுவரில் அதே தாள் முழுசாக ஒட்டியிருந்தது. கீழ் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: நாலாவது ஓடையிலிருந்து எல்லா நேரங்களிலும் ஒரு மணி நேரம் குறைத்துக்கொள்ளவும். தங்கை அதை முதலில் படித்தாள். காட்டிக்கொள்ளவில்லை. அக்கா தானே படிக்கட்டும், படித்துவிட்டு என்ன செய்கிறாள் பார்க்கலாம் என்று துணி பிழியப் போனாள். முப்பது வருஷமாகக் காத்திருந்த சந்தர்ப்பம் அது. வெட்கமில்லாமல் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அக்கா ஒற்றைக் காலில் சாக்கைச் சுற்றிக்கொண்டு, அந்த வரியின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அச்சுப் பிழை என்றோ, அலை இன்று அதிகம் என்றோ சொல்லப்போகிறாள் என்று தங்கை எதிர்பார்த்தாள்.

“நான்தான் வெட்டிப் போட்டேன்,” என்றாள் அக்கா. “நீ தண்ணி வருதுன்னு சொன்னே. நான் காதுலயே வாங்கல.”

பிறகு கட்டிலில் உட்கார்ந்து, சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அப்பா விஷயத்துலயும் அப்படித்தான். கூட இருந்து பாக்குறவ நீ. உனக்குத்தான் தெரியும். அவரு உன்கிட்டயே இருக்கட்டும், படிவத்தைக் கிழிச்சிடலாம்.”

தங்கை கேட்டது கிடைத்துவிட்டது. சரிக்கா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், ஐந்தாம் நாளுக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்துவிடும். அக்கா இனி ஒரு கேள்வி கேட்க மாட்டாள். அதுதான் தங்கைக்குத் தாங்கவில்லை. பிழிந்துகொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள்.

“மாடி வீட்டம்மா காலி பண்ணிட்டுப் போய் நாலு மாசமாச்சுக்கா.”

அக்கா திரும்பினாள். “அப்ப நீ வேலைக்குப் போறப்ப?”

“அவரு ரூமை வெளியில பூட்டிட்டுப் போறேன். காலைல அஞ்சுலேர்ந்து ஒன்னு வரைக்கும்.”

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது தங்கைக்கு.

“கதவைத் தட்ட மாட்டாரா?”

“முதல் மாசம் தட்டினாரு,” என்றாள் தங்கை. “இப்பத் தட்டுறதில்ல.”