கூரை இறங்கிய சோப்புப் பட்டறை

நடுவண் அரசின் புதிய விதி நடைமுறைக்கு வந்த திங்கட்கிழமை காலையில், சோப்புப் பட்டறையின் கூரை ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. சுவரில் விரிசல் இல்லை, காரைகூட உதிரவில்லை. சோப்புக் காய்ச்சும் கொப்பரைகளுக்கு இரட்டை மூடி வேண்டும் என்பது அந்த விதி. அடுத்தது கழிவுநீரைப் பற்றியது. அதற்கடுத்தது மூடியை மறுபடி ஒற்றையாக்கச் சொன்னது. ஒவ்வொன்றுக்கும் கூரை ஒரு சாண் இறங்கியது. முதல் விதி திரும்பப் பெறப்பட்டபோது அது ஏறவில்லை.

பட்டறைக்காரியின் கணவர் நெட்டையானவர். கொப்பரையை நின்றுதான் கிளற முடியும். அவர் முதுகு முதலில் வேலை நேரத்தில் வளைந்தது. பின்னர் வீட்டிலும் நிமிர மறுத்தது. கூரை இன்னொரு சாண் இறங்கினால் கிளறும் துடுப்பைத் தொடக் கூடாது என்றார் மருத்துவர். அவரில்லாமல் பட்டறை இல்லை.

பட்டறைக்காரியின் தம்பி, புதிய விதிகளால் மக்களுக்கு ஆகும் செலவைக் கண்காணிக்கும் துறையில் அதிகாரி. அக்காள் அழைத்ததால் அளவு நாடாவோடு வந்தான். குனிந்து நுழைந்து, தரையின் நீள அகலங்களை அளந்து, குனிந்தபடியே திருப்தியடைந்தான்.

"ஒரு அங்குலம்கூடக் குறையலக்கா. செலவு இல்லன்னு எழுதிடலாம்."

"அப்புறம் எதுக்குடா குனிஞ்சு நிக்கிற?"

"தலை இடிக்குதே."

"அதை எழுது!"

"உயரம் எங்க கணக்குல வராதுக்கா. தரை மட்டும்தான்."

"அப்போ உன் மாமாவைத் தரையில கிடத்தி அளந்துக்கோ. அவரால நேராப் படுக்கவும் முடியாது."

அவனுக்கு அவள் தண்ணீர்கூடத் தரவில்லை. அந்த ஆண்டும் செலவு சுழியம் என்றே அறிவிக்கப்பட்டது. தம்பிக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

அடுத்த விதி வந்த அன்று பட்டறைக்காரி கடப்பாரையை எடுத்தாள். விதிக்கு ஒரு சாண், ஆத்திரத்துக்கு ஒரு சாண் என்று தரையைத் தோண்டினாள். கணவர் முடிந்தவரை நிமிர்ந்து நின்று கிளறினார். விதிகள் ஓயவில்லை, அவளும் ஓயவில்லை. சில ஆண்டுகளில் கூரை தெருவோடு சமமாகி, மிதிவண்டிகள் அதன்மேல் போய்வந்தன. சோப்பு வாங்குவோர் கூரையில் வெட்டிய திறப்பு வழியே கயிற்றில் கூடையை இறக்கினர். எவரும் அதை விந்தையாகக் கருதவில்லை. பக்கத்துத் தச்சுப் பட்டறையிலும் மண் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

தம்பி மீண்டும் வந்தான். உயரம் கணக்கில் வராது என்றாலும் பள்ளம் வரும். நாடாவைக் கீழே இறக்கி அளந்தான். தோண்டப்பட்ட இடம் முழுவதும் புதிய விதிகளால் விளைந்த பயன் என்று பதிவாயிற்று.

"இடம் நல்லாப் பெருசாயிடுச்சேக்கா!" என்று எட்டிப்பார்த்துக் கூவினான்.

பட்டறைக்காரி துடுப்பில் ஒட்டியிருந்த சோப்புக் குழம்பை மேல்நோக்கி வீசினாள். அது அவன் சட்டையில் விழுந்தது. அவன் துடைத்துக்கொண்டிருக்கும்போதே, இன்னும் அறிவிக்கப்படாத அடுத்த விதிக்காக அவள் தோண்டத் தொடங்கினாள்.