கையை மூடித் திறங்க

"கைய இறுக்கி மூடுங்க, திறங்க. மூடுங்க, திறங்க" என்று சொல்லியே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டிவிட்டாள் ரத்தம் எடுக்கும் அக்கா. நரம்பு புடைத்துக்கொண்டு வரும், ஒரே குத்தில் வேலை முடியும். அவள் குத்தினால் வலிக்காது என்று ஊரெல்லாம் பேர். புது இதய மாத்திரை ரத்தத்தில் பொட்டாசியத்தைக் குறைக்கிறதா என்ற ஆராய்ச்சிக்கு டாக்டரம்மா அவளைத்தான் கேட்டு வாங்கியிருந்தார். நாலு மாதமாக, நூற்றுப்பன்னிரண்டு பேருக்கு, வாரம் ஒரு குத்து. கால் கடுக்க நின்று எடுத்தாள். ஒருவருக்கும் குறையவில்லை.

அவர்களில் ஒருவரான தையல்காரர் மட்டும் கால் தள்ளாடுகிறது என்று வாராவாரம் புலம்புவார். "உங்களுக்குத் தெம்பு குறையலய்யா, பேச ஆள்தான் கொறைஞ்சு போச்சு" என்று கேலி பேசி அனுப்பிவைப்பாள்.

இன்று காலை அவருக்குக் கையை மூடவே வலுவில்லை. துவண்ட கையில் துழாவி, மூன்று இடத்தில் குத்தி எடுத்தாள். மதியத்துக்குள் முடிவு வந்துவிட்டது: பொட்டாசியம் இரண்டு புள்ளி ஏழு. மூன்றரைக்குக் கீழே போனாலே ஆபத்து.

"லேப்ல ஏதோ தப்பு. எப்பவும் போல இன்னொரு தடவை எடுங்க" என்றார் டாக்டரம்மா.

தாளைக் கொண்டுவந்த லேப்காரன் வாசலிலேயே நின்றான். "எப்படிக்கா எடுத்தீங்க?"

"அவரால கைய மூட முடியல. அப்படியே எடுத்தேன்."

"அப்ப இதுதான்க்கா சரி. மூடி மூடித் திறந்தா தசையிலேருந்து பொட்டாசியம் வெளிய வந்து கூட்டிக் காட்டும்."

அவன் போய்விட்டான். நாலு மாத ரத்தம். அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடக் களைப்பாக இருந்தது. எப்பவும் போல எடுத்தால் எண் ஏறிவிடும். யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். தையல்காரர் பஸ் ஏறி வீட்டுக்குப் போவார், போன இடத்தில் இதயம் நின்றாலும் நிற்கும்.

பெஞ்சில் காத்திருந்தவர் அவளைக் கண்டதும் கையை நீட்டினார். "காலையில உனக்கு ரொம்பச் சிரமம் குடுத்துட்டேன்ம்மா. இப்ப மூட வருது, பாரு."

"மூடாதீங்கய்யா."

"மறுபடி மூணு குத்தாகுமே?"

"ஆகட்டும்." அவள் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள். "டாக்டரம்மா, இங்க வந்து பக்கத்துல நின்னு பாருங்க. நாலு மாசமா நான் எடுத்தது எல்லாமே தப்பு."

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தையல்காரரின் விரல்கள் பழக்கத்தில் மெல்ல மடங்க வந்தன. அவள் தன் உள்ளங்கையை அவர் கைக்குள் வைத்து, அவற்றை மூடவிடாமல் பிடித்துக்கொண்டாள்.