ஒரு மாதம் தள்ளிப்போன பல்வலி

கணவன், மனைவி இருவருக்கும் இணையதளம் கட்டுகிற வேலைதான்; அலுவலகம் மட்டும் வேறு வேறு. கணவருக்குக் கூடுதலாக ஒரு வலைப்பூவும் இருந்தது. வேலையில் வந்த சிக்கலை அவிழ்த்த விதத்தையும், எடுத்து ஒட்டிக்கொள்ள நாலைந்து வரி நிரலையும் அதில் போடுவார். "அருமை, வேலை செய்கிறது" என்று வாசகர்கள் கீழே பாராட்டுவார்கள். எத்தனை பேர் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

மனைவி ஒரு பல் மருத்துவருக்கு முன்பதிவுப் பக்கம் செய்தாள். தேதி வாங்கும் இடத்தில் கணவரின் வரிகளை எடுத்து ஒட்டினாள். தாலி கட்டினவர் எழுதியதைச் சோதிப்பது அவரைச் சந்தேகப்படுவது போலாகுமே என்று அப்படியே விட்டுவிட்டாள்.

பக்கம் திறந்த அன்றே மருத்துவர் கூப்பிட்டார். பதிந்தவர்களுக்கெல்லாம் அடுத்த மாதத்துத் தேதி விழுந்திருக்கிறதாம். கன்னம் வீங்கியவர்கள் வரவேற்பில் சண்டை பிடிக்க, உள்ளே அவருடைய நாற்காலி காலியாகக் கிடக்கிறதாம்.

"வலி அதுவரைக்கும் காத்திருக்குமாம்மா?" என்று அவர் நிதானமாகக் கேட்டதுதான் அவளைச் சுட்டது.

வரிவரியாகப் பார்த்தாள். அந்த நிரல்மொழி மாதங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும்; ஜனவரி அதற்குப் பூஜ்யம். நாம் தரும் எண்ணில் ஒன்றைக் கழித்துக் கொடுக்க வேண்டும். கணவர் கழிக்கவில்லை. அவள் கழித்தாள்; மருத்துவரிடம் மன்னிப்பும் கேட்டாள்.

வீட்டில் சொல்லிப் பயனில்லை. குழாய் ஒழுகுகிறது என்றாலே, நீ திறக்கிற விதம் சரியில்லை என்பவர். அதனால் 'மாதக்கணக்கு' என்ற புனைபெயரில், வலைப்பூவில் அந்தக் குறிப்பின் கீழே பிழையை எழுதினாள். கோளாறு உங்கள் கணினியில்தான், உலாவி சேர்த்துவைத்த பழைய நகல்களை, அதுதான் கேஷை, துடைத்துவிட்டுப் பாருங்கள் என்று கணவரிடமிருந்து பதில் வந்தது. துடைத்தாயிற்று, மாதம் இன்னும் தள்ளித்தான் விழுகிறது என்று அவள் எழுதினாள்.

அன்று சாப்பிடும்போது கணவர் வாயில் முழுக்க அந்த 'மாதக்கணக்கு' ஆளின் புராணம்தான். பதில் ஒன்று தட்டி, எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி மடிக்கணினியை அவள் பக்கம் தள்ளினார். 'முட்டால்' என்றிருந்ததை அவள் 'முட்டாள்' என்று திருத்திக் கொடுத்தாள்.

மறுநாள் குறிப்பில் சத்தமில்லாமல் ஒன்று கழிக்கப்பட்டிருந்தது. தலைப்பில் 'மேம்படுத்திய பதிப்பு' என்று ஏறியிருந்தது. 'மாதக்கணக்கு' என்ற பெயரில் அவளால் இனி அங்கே எதுவும் எழுத முடியவில்லை. "அருமை, இப்போதும் வேலை செய்கிறது" என்றார் ஒரு வாசகர்.

"அந்த ஆளை பிளாக் பண்ணிட்டேன்" என்றார் கணவர், கை கழுவியபடி.

"அந்த ஆள் நான்தான்."

குழாயை மூடாமலே நின்றார்.

"என்கிட்டயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா கேஷைத் துடைக்கச் சொல்லியிருப்பீங்க."

அடுத்த குறிப்பை வெளியிடும் முன்பு, பழக்கமில்லாத பணிவோடு அவளிடம் கொண்டுவந்து காட்டினார். அவள் இரண்டு பிழைகளைக் கண்டாள். ஒன்றைச் சொன்னாள். அதற்கே அவர் முகம் தொங்கிவிட்டது. மற்றதை, வெளியான பிறகு, வேறொரு புனைபெயரில் எழுதினாள்.