மாஸ்டரின் நாக்கு

கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான். அவருடைய கேக் கடையில் முன்பக்கம் கண்ணாடி அலமாரியும் கல்லாவும், பின்பக்கம் அடுப்பும் மாவு மேசையும். கல்லாவில் மனைவி, அடுப்படியில் அவர். சர்க்கரையை அவர் தராசில் போட்டதே இல்லை. கை அள்ளும், நாக்கு தீர்ப்புச் சொல்லும். க்ரீமை அடித்து முடித்ததும் விரலால் ஒரு தொடல், கண்ணை மூடி ஒரு நொடி, பிறகு "சரி". அந்தச் "சரி"யில்தான் கடை ஓடியது.

சூடான தட்டு விழுந்து பாதத்தில் பட்ட காயம் ஆறாமல் இழுத்தடித்தது. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல் டாக்டரிடம் போனார். ரத்தத்தைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, சர்க்கரை நோய் வந்து வெகுநாளாகியிருக்கும் என்றார்.

"மாத்திரை எழுதித் தர்றேன். ஆனா பாதி வேலை உங்க கையில இருக்கு. தட்டுல பாதி காய்கறி இருக்கணும். சோத்தைக் குறைங்க. சாப்பிட்டதும் உக்காராம கொஞ்சம் நடங்க. இனிப்பை விட்டுடுங்க."

"இனிப்பெல்லாம் நான் சாப்பிடறதே இல்லம்மா."

"உண்மைதான் டாக்டர், சாப்பிடறதில்ல," என்றாள் மனைவி. "காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நக்குறதோட சரி."

மாஸ்டர் ரோஷக்காரர். அன்றோடு விரலைக் கட்டிப்போட்டார். முதல் சில வாரங்கள் வீடு பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. தலைவலி, எரிச்சல், தொட்டதற்கெல்லாம் சிடுசிடுப்பு. அவித்த பீன்ஸைப் பார்த்து, "இதை ஆடுதான் திங்கும்," என்றார். ஆனாலும் தின்றார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் தெருமுனைவரை நடந்தார்கள். கல்யாணமாகி இத்தனை காலத்தில் காரியம் எதுவும் இல்லாமல் சேர்ந்து நடப்பது அதுதான் முதல்முறை. ஆரம்பத்தில் என்ன பேசுவதென்றே தெரியவில்லை. பிறகு பேச்சு தானாக வந்தது.

காயம் ஆறியது. இடுப்பு பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டியிருந்தது. ஒருநாள் பச்சைக் கேரட்டைக் கடித்தவர், "ஏம்மா, இது எப்பலேர்ந்து இவ்வளவு தித்திக்குது?" என்று கேட்டார். அன்று க்ரீமை நாக்கு நுனியில் லேசாக வைத்துப் பார்த்தார். திகட்டியது. இத்தனை நாளாக ஊருக்கு இதையா கொடுத்தோம் என்று சர்க்கரையைக் குறைத்தார். அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம்.

பிறகு கல்யாண கேக் ஒன்று பாதிக்கு மேல் மீந்து திரும்பி வந்தது. கல்யாணப் பெண்ணின் அப்பாவே அதைக் கொண்டுவந்தார்; சண்டை போடவில்லை. "மாஸ்டர், உங்களுக்குப் பத்தியம்னு சொன்னாங்க. கேக்குக்கும் சேர்த்தா போட்டீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

மாஸ்டர் கல்லாப் பக்கம் திரும்பினார். மனைவி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்த இடத்தையே துடைத்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ஆளுங்க குறைஞ்சுட்டே வர்றாங்க. சிலர் வாயை விட்டே சொன்னாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா திரும்ப விரலை விடுவீங்க." அவள் துணியை மடித்து வைத்தாள். "கடை போனா வேற ஏதாவது பார்த்துக்கலாம்னு இருந்தேன்."

அவருக்குக் கோபம்தான் முதலில் வந்தது. அடுப்படிக்குப் போய் கதவைச் சாத்திக்கொண்டார். க்ரீம் கிண்ணம் எதிரே இருந்தது. பழையபடி நாலு நாள் இனிப்பில் ஊறினால் நாக்கு பழைய நாக்காகிவிடும். கரண்டியை எடுத்தார். ஆனால் கடையே போனாலும் பரவாயில்லை என்று ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கரண்டியைக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்.

"இங்க வா. இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

"எனக்கென்ன தெரியும்?"

"வாங்கித் தின்னவங்க மூஞ்சியை இத்தனை வருஷமாப் பார்த்தது நீதானே? நான் அடுப்பைத்தான் பார்த்தேன்."

அவள் துளி எடுத்து நாக்கில் வைத்தாள். "சப்புனு இருக்கு." அவர் சர்க்கரையைச் சேர்த்தார். "இன்னும்." சேர்த்தார். "ம், இதான்." அவர் எல்லாவற்றையும் தராசில் போட்டு எடையைச் சுவரில் எழுதினார். அதோடு நிற்காமல் மறுநாளே அவளையும் ரத்தப் பரிசோதனைக்கு இழுத்துக்கொண்டு போனார். அவளுக்கு ஒன்றுமில்லை. இருந்தாலும், சர்க்கரையின் எடை ஒருமுறை பிடிபட்டபின் காலையில் ஒரே ஒரு துளிக்கு மேல் ருசி பார்க்க விடமாட்டார்.

வாடிக்கை மெல்லத் திரும்பியது. அவருடைய அடுத்த பரிசோதனையில் சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. மாத்திரையை நிறுத்தலாமா என்று ஆசையாகக் கேட்டார். "அதுக்குள்ள அவசரமா? நல்லாப் போயிட்டிருக்கு, இப்படியே தொடருங்க," என்றார் டாக்டரம்மா.

இப்போது தினமும் காலையில், க்ரீம் துளியை நாக்கில் வைத்து அவள் கண்ணை மூடும்போது, மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்பார்.

"எப்படி இருக்கு?"

ஆரம்பத்தில் "நல்லாருக்கு" என்பதோடு முடித்துவிடுவாள். இப்போது யோசித்து, வார்த்தை தேடிச் சொல்கிறாள். "முதல்ல வெண்ணெய்தான் தெரியுது. இனிப்பு கொஞ்சம் பின்னாடி, மெதுவா வருது."

"அப்புறம்?"

"இருங்க, சொல்றேன்."

அவர் பொறுமையாகக் காத்திருப்பார்.