டீச்சரின் மூச்சுக்கு ஒரு குழல்

விளையாட்டு டீச்சர் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. முப்பத்தொரு வருடம், மைதானத்தின் ஒரு கோடியில் நின்று மறுகோடிக்குக் கேட்கும்படி விசில் ஊதியவர். இப்போது தங்கையோடு ஒரே வீட்டில் இருக்கிறார். தங்கை தினமும் சாயங்காலம் வயலினை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனால் ஒரு மணி நேரம் வெளியே வரமாட்டாள். அந்த ஒரு மணி நேரம் ஹாலில் தனியாகக் குந்தியிருப்பது டீச்சருக்கு வேம்பாய்க் கசந்தது.

"நானும் கூட வாசிக்கிறேண்டி. சுலபமா ஏதாவது சொல்லு" என்று ஒருநாள் கேட்டே விட்டார்.

"தகரக் குழல் வாங்கிக்கோ. ஆனா கீழ் ஸ்வரத்தை அலறாம பிடிச்சு நிறுத்தினாத்தான் உள்ள விடுவேன். அக்கான்னெல்லாம் பார்க்க மாட்டேன்."

அப்படித்தான் இருவரும் குழல் செய்பவரின் பட்டறைக்கு வந்தார்கள். தகடு வெட்டும் மேஜை, பற்றவைத்த ஈயத்தின் வாடை, சுவரோரம் பத்துப் பன்னிரண்டு குழல்கள்.

"இது குழந்தை மூச்சுக்கே பேசும்" என்று ஒன்றை நீட்டினார் அவர்.

டீச்சர் ஆறு துளைகளையும் பொத்திக்கொண்டு ஊதினார். கீழ் ஸ்வரம் வரவேண்டிய இடத்தில் ஒரு வீறிடல். மேஜைக்கடியில் தூங்கிய பூனை எழுந்து வாசலைப் பார்த்து நடையைக் கட்டியது.

"யாருக்குக்கா ஃபவுல்?" என்றாள் தங்கை.

"மெதுவா, டீச்சர். முன்னால மெழுகுவத்தி இருந்தா அது அணையக் கூடாது, ஆடினாப் போதும்" என்றார் குழல் செய்பவர்.

"பாதி மூச்சு விட்டுப் பழக்கமே இல்லீங்க."

அடுத்ததும் வீறிட்டது. அதற்கடுத்ததும். ஐந்தாவது குழலில் தங்கை கேலியை நிறுத்திவிட்டாள். டீச்சர் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். இவள் கேலியை விட்டால் நிலைமை கைமீறிவிட்டது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அரங்களும் பிரஷ்களும் கிடந்த டப்பாவில் இன்னொரு குழல் செருகியிருந்தது.

"அது என்னங்க?" என்றார் டீச்சர்.

"அது வேலைக்காகாது. ஊதற இடத்துல வெக்கிற வாய்க்கட்டையைக் கூடுதலாச் சீவிட்டேன், காத்துப் போற இடுக்கு அகலமாயிடுச்சு. காத்தை அப்படியே முழுங்கும். என்னதான் ஊதினாலும் சுருதி கீழயே நிக்குது."

தங்கை வாங்கி ஊதிப் பார்த்தாள். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. டீச்சர் அதைப் பிடுங்கி, எதிர்க்கோடியில் ஓடும் பிள்ளையை நிறுத்துகிற மாதிரி நெஞ்சு நிறைய ஊதினார்.

தடித்த, கனமான கீழ் ஸ்வரம் எழுந்தது. அலறவில்லை. டீச்சரின் மூச்சு தீரும்வரை அசையாமல் நின்றது.

தங்கை தலையைச் சாய்த்துக் கேட்டாள். கூடவே தன் வயலினின் சுருதியை முணுமுணுத்தாள்.

"சேருதே!"

குழல் செய்பவர் மோவாயைத் தடவிக்கொண்டார். "இவங்க ஊதற வேகத்துல சுருதி ஏறி வந்துடுச்சு. என்ன, சத்தம்தான் ஜாஸ்தி. வேணும்னா கட்டையை மாத்தித் தரட்டுமா?"

"அதுல கை வெச்சீங்க, தெரியும் சேதி!" என்று தங்கை குழலை வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தெருவுக்கு வந்ததும் டீச்சரின் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். என் அறையில உன் நாற்காலி ஜன்னலோரம். மூஞ்சி தெருப்பக்கம்."

"சரிடி" என்றார் டீச்சர். எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, உட்காரப்போவது உள்ளேதானே.