மழையில் ஓடிய ரிக்கார்டர்

மழை விட்ட பிறகுதான் ஷோபனாவுக்கு அது நினைவுக்கு வந்தது. வாய்க்குக் கொண்டுபோன டீ டம்ளரை அப்படியே கீழே வைத்தாள்.

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் அவள் தங்கியிருந்த அறைக்குத் தகரக் கூரை. மழை வந்தால் பாட்டு நிற்கும். ரிக்கார்டரை மட்டும் அணைக்க மாட்டாள். ஓய்ந்த கணமே பாடியாக வேண்டும், அடுத்த மழைக்குள். நேற்றும் அப்படித்தான். அவள் பாடும் ராக் பேண்டின் முதல் ஆல்பத்துக்கு ஏழாவது பாட்டைப் பாடி முடித்தாள், மழை பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துச் சென்னையிலிருந்து அக்கா சித்ராவின் போன். மழைக்கு மேலே கத்திக் கத்திப் பேசியிருந்தாள், பக்கத்தில் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருக்க.

"ரவி மேல இப்ப எனக்குக் காதல்னு ஒண்ணுமே இல்லக்கா. ஆல்பம் வரட்டும், அப்புறம் சொல்லிக்கிறேன். இப்ப சொன்னா எல்லாம் நின்னுடும்."

இங்கே நெட்டில் பெரிய ஃபைல் ஏறாது. மெமரி கார்டைக் காலைக் கப்பலில் போர்ட் பிளேர் போன காய்கறிக்கடை கோவிந்தராஜ் அண்ணனிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். எதையும் வெட்டாமல், முழுசாக.

அவருக்குப் போன் போட்டாள்.

"கப்பல்துறை ஜெட்டியிலயே ரவி தம்பி கையில குடுத்துட்டேன்மா. டென்ஷன் மத் லோ, கவலப்படாதே! வாங்கிட்டு என்னா ஓட்டம்! பொண்ணு பாக்கப் போற மாதிரி."

ரவி என்கிற ரவிசங்கர் பேண்டின் கிட்டார்க்காரன், அவளுடைய காதலன். போர்ட் பிளேரின் டெய்ரி ஃபார்ம் பகுதியில் தன் அறையிலேயே பாட்டுகளை மிக்ஸ் செய்பவன். ஆல்பத்தின் ஒன்பது காதல் பாட்டுகளையும் அவள் எழுதியது அவனை வைத்துத்தான்.

அந்தப் பேச்சைக் கேட்காதே என்றால் அதைத்தான் முதலில் கேட்பான். சும்மா இருந்தாலும் அவன் காதுக்குத் தப்பாது. அவள் மூச்சு இழுப்பதைக்கூடப் பாட்டை நிறுத்திக் கேட்கிறவன். அந்தக் கவனத்தில்தான் ஒரு காலத்தில் கரைந்துபோனாள். பிறகு அதுவே மூச்சு முட்டியது. அவன் ஒரு தப்பும் செய்யவில்லை; செய்திருந்தால் எப்போதோ சொல்லியிருப்பாள். ஆல்பத்துக்காக மறைத்தேன் என்பதும் பாதிப் பொய். காதலிப்பவளாகப் பாட, அவன் காதல் வேண்டியிருந்தது.

அவன் எண்ணை அழுத்தினாள்.

"ரவி, ஏழாவது பாட்டைக் கேக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

சொன்னாள். தடுமாறி, பாதியில் நின்று, கடைசி வரை சொன்னாள். மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது.

"மழையில இதைவிடத் தெளிவா சொல்லியிருந்தே" என்றான்.

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அப்ப ஏன் என்னைப் பேச விட்டே?"

"நீயா சொல்றியான்னு பாத்தேன்."

அவள் போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"இத்தனை நாளா யாரை நெனச்சுப் பாடினே, ஷோபனா?"

"தெரியல ரவி." அது உண்மை.

போனை வைத்துவிட்டானோ என்று திரையைப் பார்த்தாள்; வைக்கவில்லை.

"ரிலீஸ் அன்னிக்கு வருவியா?" என்று கேட்டான்.

"பாடறதுக்கு வருவேன்."

"பாடறதுக்குத்தான் கேட்டேன்" என்றான்.