பழைய பேட்டரியும் பக்கத்து வீட்டுப் புகையும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் நாயகி புதியவள் அல்ல. பாதியில் நின்றுபோன ஒரு காதல் கதையில் அவளை ஓட்டித் தேய்த்துவிட்டேன். தூக்கிப்போட மனம் வராமல், வேலையை மட்டும் மாற்றி இங்கே பொருத்தியிருக்கிறேன். இப்போது அவள் ஆய்வாளர். மின்சாரக் கார்களில் ஓடி ஓய்ந்த பேட்டரிகளை உடனே உடைத்து உலோகம் எடுப்பதா, வீடுகளுக்குக் கொடுத்து இன்னும் சில வருடம் உழைக்க வைப்பதா, எதில் காற்றுக்கும் மண்ணுக்கும் கேடு குறைவு என்று கணக்கிட்டு ஒரு கம்பெனிக்கு அறிக்கை தர வேண்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'பூமித்தாயின் கண்ணீரைத் துடைக்க அவள் புறப்பட்ட அந்தப் பொன்காலைப் பொழுதில்—'

எனக்கே கூச்சமாக இருந்தது. அங்கேயே விட்டுவிட்டேன்.

2

கம்பெனி சோதனைக்காகப் பேட்டரி கொடுத்த வீடுகளில் ஒன்று அவளுடைய அண்ணன் வீடு. (சொந்த அண்ணன் வீட்டை ஆய்வு செய்யலாமா என்று கேட்காதீர்கள். வேறு வீடு என்றால் புதிதாக ஒரு குடும்பத்தையே நான் உருவாக்க வேண்டும்.) அண்ணனுக்கு ஆக்சிஜன் மெஷின் ஓடினால்தான் மூச்சு.* முன்பெல்லாம் கரண்ட் போனால் டீசல் ஜெனரேட்டரைப் போடுவார்கள். மெஷின் ஓடும், புகையில் அண்ணன் இருமுவார். பேட்டரி வந்தபிறகு வீட்டில் சத்தமும் இல்லை, புகையும் இல்லை.

அவள் தொழிலில் ஒரு விதி உண்டு. பழைய பேட்டரி நன்மை செய்தது என்று எழுத வேண்டுமானால், அதனால் வேறு ஏதாவது ஒரு கேடு நின்றிருக்க வேண்டும்.

* முதல் பிரதியில் அண்ணன் குத்துக்கல் மாதிரி இருந்தார். அப்படி இருந்தால் யார் கவலைப்படப் போகிறீர்கள்? நோயைக் கொடுத்தது நான்தான்.

3

"அண்ணி, ஜெனரேட்டர் எங்க?"

"அதுவா? சும்மா கெடந்து துருப்பிடிக்கணுமா? பக்கத்து வீட்டு டெய்லருக்குக் கொடுத்துட்டேன். பாவம், கரண்ட் போனா அவருக்கு வேலையே ஓடாது."

"அப்ப அது இப்பவும் ஓடுது?"

"நம்மகிட்ட இருந்ததவிட நல்லாவே ஓடுது," என்றார் அண்ணி பெருமையாக.

டெய்லரிடம் போனாள். நிறுத்த முடியுமா என்று கேட்டாள்.

"தாராளமா நிறுத்தறேம்மா. எனக்கும் ஒரு பேட்டரி வாங்கிக் குடுங்க."

"அப்ப ஜெனரேட்டர்?"

"தம்பி கடைக்குக் குடுத்துருவேன்."

மற்ற வீடுகளிலும் விசாரித்தாள். ஒருவர்கூடப் பழைய ஜெனரேட்டரை ஓய விடவில்லை. நம் ஜனங்கள் எதை வீணடித்திருக்கிறார்கள்! புகை நிற்கவில்லை, சுவரேறிக் குதித்துவிட்டது. 'பயன் இல்லை' என்றுதான் எழுத வேண்டும். எழுதினால் கம்பெனி பேட்டரிகளைத் திரும்ப எடுத்துப்போய் உடைக்கும். அண்ணன் வீட்டுப் பேட்டரியும் போகும்.

4

முடிவுகள் சில கைவசம் உண்டு.

அவள் பொய் எழுதுகிறாள். அண்ணன் நிம்மதியாக மூச்சு விடுகிறார். ஊரெல்லாம் புகை.

அவள் உண்மையை எழுதுகிறாள். நீங்கள் கைதட்ட, அண்ணன் இருமி இருமி— (இதை முடிக்க எனக்குத் தெம்பில்லை.)

கம்பெனி மனமிரங்கி அண்ணனுக்கு மட்டும் பேட்டரியை விட்டுவைக்கிறது. (கம்பெனிகளைப் பார்த்ததே இல்லையா நீங்கள்?)

5

அண்ணனையே கேட்கலாமே என்பீர்கள். கேட்டாள். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெஷின் நிற்காமல் ஓடியது. சுவருக்கு அப்பால் ஜெனரேட்டர் உறுமியது. அண்ணி ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினார்.

"உண்மையவே எழுது," என்றார் அண்ணன், மூக்கில் குழாயோடு. "ஆனா கரண்ட் வந்ததும் எழுது."

அவளுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.

கரண்டை வரவழைக்க எனக்கு ஒரு வாக்கியம் போதும். எழுத மாட்டேன்; கரண்ட் வந்தால் அவள் அறிக்கையை எழுதிவிடுவாள். அந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போய்விட்டது. உங்களுக்குத் துணிவிருந்தால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பேட்டரி பழையது, ரொம்ப நேரம் யோசிக்காதீர்கள்.